உல்லாசமாக நடப்பவர்களுக்கு மட்டும்

செங்கழனிக்கும் வில்லியனூருக்கும் நடுவே ஒரு செம்மண் மேடு இருந்தது. ஒரு பனைமரத்தின் மேல் இன்னொரு பனைமரத்தை நிறுத்தினால் அதன் உயரம் வரும். நாலு பக்கமும் தட்டை வயலாகக் கிடக்கிற சீமையில் அதுவே பெரிய உயரம். ஊர்க்காரர்கள் அதைச் செம்மேடு என்றார்கள். யாரும் மலை என்று சொன்னதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் முசியே புய்யோன் அதன் மேல் ஏறி, மூச்சு வாங்கி, தொப்பியைக் கழற்றிய பிறகுதான் அது மலை ஆயிற்று.

முசியே புய்யோன் புதுச்சேரித் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர். அவருக்கு வயிறு சரியில்லை. தினமும் நடக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். மேட்டின் உச்சியில் நின்றால் கிழக்கே வில்லியனூர்க் கோபுரமும் மாதா கோயிலும் தெரியும். வானம் தெளிந்திருந்தால் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் நூலிழை போலக் கடல் தெரியும். அதைப் பார்த்து அவர், “மோந்தாஞ் ரூழ்!” என்றார். பக்கத்தில் நின்ற முசியே குழந்தைவேல் அதைச் ‘சிவப்பு மலை’ என்று தமிழாக்கி, அந்த மாதமே ஒரு சங்கத்தையும் ஆக்கிவிட்டார்.

முசியே குழந்தைவேல் அந்த வட்டாரக் கரும்பு வயல்களில் பாதிக்குச் சொந்தக்காரர். பிரெஞ்சு பேசும்போது தமிழை மறந்தவர் போலவும், தமிழ் பேசும்போது பிரெஞ்சை மறக்க முடியாதவர் போலவும் இருப்பார். ‘செம்மலை உல்லாச நடைச் சங்கம்’ என்ற அந்தச் சங்கத்துக்கு முசியே புய்யோன் கௌரவத் தலைவர். முசியே குழந்தைவேல் கௌரவம் இல்லாத தலைவர்.

பொதுமக்களிடையே மலைநடையை வளர்ப்பது சங்கத்தின் நோக்கம். அதற்கு முதல் வேலையாக, ஏற்கனவே அங்கே நடந்துகொண்டிருந்த பொதுமக்களை நிறுத்த வேண்டியிருந்தது.

மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். செங்கழனிப் பக்கம் பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இரும்புக் கதவு வைத்தார்கள். கதவில் பிரெஞ்சில் ஒரு பலகை தொங்கியது. ஊரில் யாருக்கும் பிரெஞ்சு படிக்கத் தெரியாது என்பதால் பலகைக்குப் பக்கத்தில் சிங்காரவேலுவை நிறுத்தினார்கள். அவன் செங்கழனிக்காரன்தான். சிவப்புத் தலைப்பாகையும் நீலச் சட்டையும் போட்டுக்கொண்ட அன்று காலையில்கூட, தன் அத்தை மகள் அமுதத்தின் வீட்டில்தான் கூழ் குடித்துவிட்டு வந்தான்.

அமுதத்தின் புருஷன் கண்ணையன் கூடை நிறையக் கத்தரிக்காயோடு கதவருகே வந்தான். வில்லியனூரில் அன்று சந்தை.

“எங்க மச்சான் போற?” என்றான் சிங்காரவேலு.

“இன்னாடா கேள்வி இது? சந்தைக்கு.”

“அப்ப போவக் கூடாது.”

“ஏன்?”

“எங்கயாவது போறவங்க இதுல போவக் கூடாது. எங்கயும் போவாதவங்கதான் போவலாம். பலகையில போட்டுக்குது.”

கண்ணையன் பலகையைப் பார்த்தான். சிங்காரவேலுவைப் பார்த்தான். “எங்கயும் போவாதவன் இன்னாத்துக்குடா இங்க வரான்?”

“உல்லாசத்துக்கு” என்றான் சிங்காரவேலு. அந்தச் சொல்லை அவனுக்கு முந்தின நாள்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். “சும்மா நடக்கறது. காத்து வாங்கறது. அப்புறம் எறங்கி வூட்டுக்குப் போவறது. அந்தப் பக்கமா எறங்கனா அது பிரயாணம். பிரயாணம் கூடாது.”

வேறு வழி இல்லாமல் இல்லை. தெற்கே சுற்றிப் போகலாம். அந்தச் சுற்றுவழி இடையில் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் நுழைந்து வெளியே வரும். நுழையும்போது அவன் சுங்கச் சாவடியில் கூடையைக் கொட்டிப் பார்ப்பார்கள். வெளியே வந்ததும் நம் பிரெஞ்சுச் சாவடியில் கொட்டிப் பார்ப்பார்கள். கண்ணையன் வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்திருந்தது. கத்தரிக்காயை மாடுகூட முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போயிற்று.

ஊர்க்காரர்கள் திரண்டு முறையிட்டதால் முசியே குழந்தைவேல் பெரிய மனது வைத்துப் புளியந்தோப்புக்கு வந்து பேசினார். நாற்காலியையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

“குடிமக்களே, உங்க பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த மலையில நடக்கிறீங்க. நான் மறுக்கல. ஆனா என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. யாராவது ஒருத்தர், ஒரு நாளாவது, ரசிச்சு நடந்தீங்களா? தலையில சுமை, மனசுல கவலை, கண்ணு தரையில. மலைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! நடந்து நடந்து அதை நீங்க தேய்ச்சிட்டீங்க. சங்கம் இல்லைன்னா இன்னும் நூறு வருஷத்துல மலையே இருக்காது. நாங்க மலையை உங்ககிட்டயிருந்து எடுக்கல. உங்களுக்காகத்தான் உங்ககிட்டயிருந்து காப்பாத்தறோம்.”

“உங்க கரும்பு வண்டி மட்டும் போவுதே முசியே?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. அமுதம்தான். கண்ணையன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டாள்.

முசியே குழந்தைவேல் கோபிக்கவில்லை. கோபம் நாகரிகம் இல்லை என்பது அவர் கொள்கை. “நல்ல கேள்வி. விதி நடப்பவர்களுக்குத்தான். வண்டிக்காரன் நடக்கல, உட்கார்ந்திருக்கான். நடப்பது மாடு. மாட்டுக்கு எங்கயும் போகிற நோக்கம் கிடையாது. ஆக, மாடு உல்லாசமாத்தான் நடக்குது.”

கூட வந்திருந்த உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு செங்கழனி உல்லாசம் பழகிற்று. வில்லியனூர் போக வேண்டியவர்கள் கைவீசிக்கொண்டு கதவருகே போய், “சும்மா வந்தேன்” என்றார்கள். துணி வியாபாரி ஷேக் மைதீன் முதுகில் மூட்டையோடு போய் நின்றார்.

“எங்க பாய் போற?”

“எங்கயும் இல்லப்பா. காத்து வாங்க வந்தேன்.”

“மூட்ட எதுக்கு?”

“துணி மழையில நனஞ்சி நாறுது. அதுக்கும் காத்து வேணும்ல?”

சிங்காரவேலுவுக்கு அது நியாயமாகப் பட்டது. விட்டுவிட்டான். சங்கம் உடனே கூடி, ‘சுமை என்பது நோக்கத்தின் அடையாளம்’ என்று தீர்மானித்தது. சுமை தடை செய்யப்பட்டது. பிறகு வெறுங்கால் தடை செய்யப்பட்டது. வெறுங்காலோடு உல்லாசமாக யாரும் நடந்ததாகப் பிரான்சு தேசத்தில் தகவல் இல்லையாம். ஊரில் இருந்த சில ஜோடிச் செருப்புகளை ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் முகமும் விதிக்குள் வந்தது. உச்சியில் நின்று கிழக்கே பார்க்கப் போகிற சந்தோஷம் கதவருகிலேயே முகத்தில் தெரிய வேண்டும். தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் காவலாளிக்கு.

அமுதம் ஒருநாள் அவன் எதிரில் நின்று பல்லைக் காட்டினாள். “போதுமாடா? இன்னும் கொஞ்சம் இளிக்கணுமா?”

“விளையாடாத அமுதம். மெய்யா சந்தோசமா இருக்கணுமாம்.”

“உன் மொகத்த மொதல்ல கொளத்துல பாருடா. பொணம் காக்கறவன் மாதிரி நிக்கற. உன்னைத்தான் மொதல்ல தொரத்தணும்.”

சிங்காரவேலு சிரித்துவிட்டான். கண்ணையனும் சிரித்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அந்த முகத்தைச் செய்து காட்டிக்கொண்டே இருந்தாள். தை மாதம் வரைக்கும் செங்கழனியில் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

தை பிறந்ததும் முசியே குழந்தைவேலின் வயலில் கரும்பு வெட்டு. அவர் வயல்தான் மேட்டின் அடிவாரத்தில் முதல் வயல். அமுதம் குனிந்து அடிக்கரும்பை வெட்டும்போது கத்தி வழுக்கித் தொடையில் ஆழமாக இறங்கிவிட்டது. அவள் கத்தவில்லை. “ஏங்க, இங்க வாங்க” என்று மட்டும் கூப்பிட்டாள். கண்ணையன் ஓடிவந்தபோது தோகையெல்லாம் சிவப்பு. தலைத்துண்டால் இறுக்கிக் கட்டினான். துண்டு நனைந்தது. அவள் முந்தானையைக் கிழித்து அதன் மேல் கட்டினான். அதுவும் நனைந்தது.

வில்லியனூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார். மேட்டில் ஏறி இறங்கினால் முதல் தெருவே ஆஸ்பத்திரித் தெரு. அந்த வழியாக வந்த ஷேக் மைதீன் மூட்டையைப் போட்டுவிட்டு யார் வீட்டிலிருந்தோ கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தார். அவரும் கண்ணையனும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

அன்று சங்கத்தின் ஆண்டு விழா. கதவுக்கு உள்ளே பந்தல். நாற்காலிகள். பாண்டு வாத்தியக்காரர்கள். கௌரவத் தலைவருக்கு மரியாதையாகத் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள்.

சிங்காரவேலு கட்டிலைப் பார்த்தான். அமுதத்தைப் பார்த்தான். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான். அதற்குள் ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

“தலைவர் சொல்லாம தொறக்கக் கூடாது.”

“ரத்தம் போவுதுங்க” என்றான் கண்ணையன். “வழி வுடச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

போகணும் என்ற சொல் பந்தல் வரைக்கும் கேட்டது. உறுப்பினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முசியே குழந்தைவேல் எழுந்து வந்தார். கட்டிலைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தம் நாகரிகமானது.

“அடடா. பாவம். என் வயல்ல வேலை செய்கிற பெண் ஆச்சே. ஆனா நான் தனி ஆள் இல்ல, பாருங்க. ஒரு சங்கத்தின் தலைவன். என் இஷ்டத்துக்குக் கதவைத் திறந்தா அது சர்வாதிகாரம். நாம குடியரசுல வாழறோம். நல்ல வேளை, எல்லா உறுப்பினர்களும் இங்கயே இருக்காங்க. உடனே கூட்டம் போட்டு முடிவு பண்றோம்.”

“கூட்டம் எல்லாம் அப்புறம் போடுங்க முசியே! அவ கண்ணு சொருவுது!”

“அவசரத்துல எடுக்கிற முடிவு நிலைக்காது” என்றார் முசியே குழந்தைவேல்.

கூட்டம் பந்தலிலேயே கூடியது. கட்டிலில் இருப்பவர் நடக்கிறாரா என்பது முதல் கேள்வி. நடக்கவில்லை என்று ஒரே மனதாக முடிவாயிற்று. ஆகவே அவர் போகலாம். தூக்குகிறவர்கள் நடக்கிறார்களா? நடக்கிறார்கள். அவர்கள் முகத்தில் உல்லாசம் உண்டா? ஒரு உறுப்பினர் எழுந்து வந்து கம்பி வழியாக ஷேக் மைதீனின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போய், இல்லை என்றார். கட்டில் சுமையா, வாகனமா என்று இன்னொருவர் கிளப்பினார். வாகனம் என்றால் சக்கரம் எங்கே என்று ஒருவர் கேட்டார். பல்லக்குக்குச் சக்கரம் உண்டா என்று மற்றவர் கேட்டார். அந்த வாதம் மிகவும் தரமாக இருந்ததாகப் பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

முசியே புய்யோன் கதவுப் பக்கம் என்ன கூட்டம் என்று பிரெஞ்சில் கேட்டார். கிராமத்து மக்கள் விழாவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று முசியே குழந்தைவேல் பிரெஞ்சில் சொன்னார். கிழவர் நெகிழ்ந்துபோய் எழுந்து, கட்டிலைப் பார்த்துத் தொப்பியை எடுத்து வணங்கினார். அவர் எழுந்ததைப் பார்த்த பாண்டுக்காரர்கள், தங்களுக்குச் சைகை என்று நினைத்து, பிரெஞ்சு தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். அது முடியும் வரை யாரும் அசையக் கூடாது. சிப்பாய்கள் விறைத்து நின்றார்கள். உறுப்பினர்கள் விறைத்து நின்றார்கள்.

கண்ணையன் கதவைப் பிடித்து உலுக்கினான். “டேய் சிங்காரம்! தொறடா! உன் அத்த பொண்ணுடா!”

சிங்காரவேலுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. அவன் அசையவில்லை.

கீதம் முடிந்ததும் முசியே குழந்தைவேல் முடிவை அறிவிக்க மேடை ஏறினார். முடிவை மட்டும் சொன்னால் அழகாக இருக்காது என்பதால் முன்னுரை சொன்னார். சங்கம் பிறந்த கதை, மலையின் பெருமை, பிரான்சின் பெருந்தன்மை எல்லாம் வந்தன. கடைசியில், “ஆகவே, இரக்கத்தை முன்னிட்டு, விதியை இந்த ஒரு தடவை தளர்த்தி, இந்தப் பெண்மணி கடந்து செல்ல அனுமதிக்கிறோம்!” என்றார். பெரிய கைதட்டல். கதவு திறந்தது.

கட்டிலின் கயிற்றிலிருந்து ரத்தம் சொட்டுவது நின்றிருந்தது. ஷேக் மைதீன் குனிந்து அவள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தன் தோள் துண்டை எடுத்து அவள் முகத்தின் மேல் போட்டார்.

“வாங்க, வாங்க. தாராளமா போகலாம்” என்றார் முசியே குழந்தைவேல், மேடையிலிருந்து.

கண்ணையன் கட்டிலை ஊர்ப் பக்கம் திருப்பினான்.

சங்கம் இரங்கல் கூட்டம் நடத்தியது. விதி தளர்த்தப்பட்ட முதல் குடிமகள் என்று அமுதத்தைப் புகழ்ந்தார்கள். உச்சியில் அவள் பெயரில் ஒரு கல் பெஞ்சு போடத் தீர்மானம் நிறைவேறியது. உல்லாசமாக நடப்பவர்கள் அதில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். பெஞ்சைத் திறந்துவைக்கக் கண்ணையனுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவனை அவன் வாசலோடு திருப்பி அனுப்பினான். அவள் போன பிறகு அவன் கரும்பு வெட்டுக்கும் போகவில்லை.

பெஞ்சு திறக்கும் நாள் சந்தை நாளாக இருந்தது. காலையில் கண்ணையன் கூடையில் கத்தரிக்காயை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு கதவுக்குப் போனான்.

சிங்காரவேலு அவன் முகத்தைப் பார்க்காமல், “சும்மாதான வந்த மச்சான்? சும்மான்னு சொல்லு. நான் வுட்டுடறேன்” என்று கெஞ்சினான்.

“சும்மா வரல. சந்தைக்குப் போறேன். வேலையா போறேன். இது என் வழி.”

“மச்சான்...”

“எழுதிக்கச் சொல்லு. உல்லாசம் இல்ல எனக்கு. ஒரு துளி கூட இல்ல.”

பெஞ்சு விழாவுக்கு வந்திருந்த சிப்பாய் வந்து அவன் தோளைப் பிடித்தான். நோக்கத்தோடு நடக்க முயன்ற குற்றத்துக்காக அவனைக் கைது செய்தார்கள். கைதியை வில்லியனூர்ப் போலீஸ் கச்சேரியில் ஒப்படைக்க வேண்டும். சுற்றுவழியில் கொண்டு போனால் இங்கிலீஷ்காரன் எல்லை. பிரெஞ்சுச் சிப்பாய் துப்பாக்கியோடு அதற்குள் கால் வைக்க முடியாது. ஆகவே சிப்பாய் கதவைத் திறந்து, கண்ணையனைக் கூடையோடு மேட்டின் மேலேயே நடத்திக்கொண்டு போனான். கச்சேரியில் இந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியவில்லை. திட்டி வெளியே விட்டார்கள். சந்தை அப்போதுதான் கூடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து சந்தை நாளில் சிப்பாய்களும் கதவுக்குக் காவல் வந்தார்கள். அடுத்த சந்தைக்கு ஷேக் மைதீன் மூட்டையோடு வந்து, “வேலையாத்தான் போறேன், புடிச்சிக்க” என்று கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் கீரைக்கட்டோடு தையலம்மாள், பால் செம்போடு காசம்மாள், பின்னால் பாதி ஊர். யாரும் சிரிக்கவில்லை. சிப்பாய் எல்லோரையும் கைது செய்து மேட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டான். அவன் திரும்பி வந்தபோது மீதி ஊர் நின்றிருந்தது. கொஞ்ச காலத்தில் சிப்பாய்களுக்குக் கால் வீங்கி, அவர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். சிங்காரவேலு ஒருநாள் தலைப்பாகையைக் கதவில் மாட்டிவிட்டுக் கூலி வேலைக்குப் போய்விட்டான். கதவு திறந்தே கிடந்தது.

அடுத்த ஆண்டு விழாவில் முசியே குழந்தைவேல் சங்கத்தின் சாதனையை அறிவித்தார். “சங்கம் தோன்றும் முன் இந்த மலையில யாரும் கவனிக்காம நடந்தாங்க. இன்னைக்கு ஒரு ஊரே தலை நிமிர்ந்து நடக்குது. பொதுமக்களிடையே மலைநடை வளர்ந்துவிட்டது! இந்த விழிப்புக்கு வித்திட்ட குடிமகனுக்கு மாலை போடுவதில் பெருமைப்படறேன்.”

அந்த வழியாக வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த கண்ணையனைப் பந்தலுக்குள் அழைத்துப் போனார்கள். முசியே குழந்தைவேல் மாலையைப் போட்டுவிட்டு, அவனைப் பக்கத்தில் நிறுத்தி, பேச்சைத் தொடர்ந்தார். “அன்பான குடிமக்களே! குடியரசு என்றால் என்ன? முதலில் அதன் வரலாற்றை...”

கண்ணையன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வாங்க முசியே. பேசிக்கினே வாங்க.”

கரும்பு வெட்டின கை. அவரால் உருவிக்கொள்ள முடியவில்லை. கூட்டத்தின் முன் கத்துவது நாகரிகம் இல்லை என்பதால் அவர் புன்னகையோடு நடந்தார். விழா நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று என்று உறுப்பினர்கள் நினைத்துக்கொண்டார்கள். பாண்டு வாசித்தது. கண்ணையன் அவரை உச்சிக்கு ஏற்றினான். அந்தப் பக்கம் இறக்கினான். முதல் தெருவில் முதல் கட்டிடத்தின் வாசலில் நிறுத்திக் கையை விட்டான். வழியெல்லாம் முசியே குழந்தைவேல் என்ன செய்வதென்று தெரியாமல் பேசிக்கொண்டேதான் வந்தார்.

“இன்னும் இருக்குதா?” என்றான் கண்ணையன்.

“எ... என்ன?”

“பேச்சு.”

முசியே குழந்தைவேல் மூச்சு வாங்கினார். “இப்பதானே... முன்னுரையில இருக்கேன்.”

“ஆஸ்பத்திரி வந்துடுச்சி முசியே” என்றான் கண்ணையன்.